வலது காலை முன்வைத்து

புது மருமகளுக்குச் சொல்லும் அதே வார்த்தைதான் களரியிலும் முதல் நாள் சொல்லப்படுகிறது: வலது காலை எடுத்து வைத்து உள்ளே வா. சினிமாவில் பார்த்த வாள்வீச்சை மனதில் வைத்துக்கொண்டு வரும் ஏழு வயதுப் பையனுக்கு முதலில் கிடைப்பது வாள் அல்ல, மண் தரை. குனிந்து அதைத் தொட்டு நெற்றியில் வைத்துக்கொள்ள வேண்டும். பிறகு தென்மேற்கு மூலையில் ஏழு படிகளாக எழும்பி நிற்கும் பூத்தறைக்கு வணக்கம். பிறகு குருமார்களின் நினைவாக உள்ள குருத்தறைக்கு. கடைசியாகக் கற்பிக்கும் குருக்களின் கால்களுக்கு. இதெல்லாம் முடிவதற்குள் பையனுக்குப் பாதி உற்சாகம் வடிந்துவிடும். வாசலில் நிற்கும் தகப்பனாருக்கோ கேட்பதற்கு ஒரே ஒரு கேள்விதான் இருக்கும்: எத்தனை மாதத்தில் சண்டை போடக் கற்றுக்கொள்வான்?

பாலக்காட்டிலிருந்து குமுளிவரை, கேரளத்தின் தமிழக எல்லையை ஒட்டிய ஊர்களில் இந்தக் கேள்வி இரண்டு மொழிகளிலும் கேட்கப்படுகிறது. கராத்தே வகுப்பு, குங்ஃபூ வகுப்பு, சிலம்ப வகுப்பு, களரி வகுப்பு என்று பலகைகள் பெருகிவிட்ட காலம் இது. எல்லாப் பலகையிலும் 'தற்காப்பு' என்ற வார்த்தை தவறாமல் இருக்கிறது. எதிலிருந்து, எப்படி, யாரிடமிருந்து காப்பு என்ற விவரம்தான் இருப்பதில்லை. அந்த விவரத்தைத் தேடிப் போனால் கலையின் நுணுக்கங்களைவிட அதன் ஆசாரங்கள் அதிகம் பேசுகின்றன.

களரி என்ற சொல் தமிழனுக்கு அன்னியமல்ல. களத்தோடு உறவுள்ளது. மலையாளத்தில் 'பயற்று' என்பதும் நம்முடைய பயிற்சிதான். பழைய கேரளத்தில் எழுத்துக் களரி என்று ஒன்று இருந்தது. மணலில் விரலால் எழுதக் கற்பிக்கும் இடம் அது. உடம்பால் எழுதக் கற்பிக்கும் இடம் பயற்றுக் களரி. குருக்கள் என்றால் தமிழ்நாட்டில் சிவன் கோவில் அர்ச்சகர். மலபாரில் அதே குருக்கள் களரி ஆசான்; அவர் முஸ்லிமாக இருந்தாலும் குருக்கள்தான். திருவனந்தபுரத்துக்குத் தெற்கே வந்துவிட்டால் அவர் ஆசான் ஆகிவிடுகிறார். கன்னியாகுமரி மாவட்டத்தில் நம்மூர் ஆசான்களேதான்.

வடக்கன் முறையில் களரி கட்டுவதற்கு ஒரு கணக்கு உண்டு. நீளம் 42 அடி, அகலம் 21 அடி. தரைமட்டத்திலிருந்து மூன்றரை நான்கு அடி ஆழம் தோண்டி, மேலே ஓலைக் கூரை. வாசல் கிழக்கே. இந்தக் குழியைப் பற்றிப் புராண விளக்கங்கள் ஏராளம். பாலக்காட்டுக் காற்றில் ஒரு மாதம் இருந்தவருக்கு விளக்கம் தேவைப்படாது. மேற்குத் தொடர்ச்சி மலை வழிவிட்டு நிற்கும் கணவாய் அது. உடம்பெல்லாம் நல்லெண்ணெய் பூசி வியர்த்து நிற்கிறவன்மேல் அந்தக் காற்று நேராக அடித்தால் தசை பிடித்துக்கொள்ளும். குழிக்குள் காற்று இறங்குவதில்லை. சூடு சீராக நிற்கிறது. செருப்பைக் கழற்றிவிட்டு வர வேண்டும் என்பதற்கும் இதே போல எளிய காரணம் உண்டு. வெறும் காலும் கையும் படும் தரையில் ஒரு சிறு கல் போதும், ஒரு மாதப் பயிற்சியை வீணாக்க. களரி ஆசாரத்தில் பாதி இப்படிப்பட்டது. பக்தியின் உடுப்பில் வரும் பாதுகாப்பு விதி.

பயிற்சியின் வரிசையும் அப்படித்தான். முதலில் மெய்த்தாரி, அதாவது உடம்பு மட்டும். நேர்க்கால், வீத்துக்கால், கோண்கால் என்று காலை உயர்த்தி வீசும் அடிப்படைகளே மாதக்கணக்கில் நடக்கும். பிறகு யானை, சிங்கம், குதிரை, பன்றி, பாம்பு, பூனை, சேவல், மயில் என்று எட்டு விலங்குகளின் பெயரில் நிற்கும் நிலைகள். இவற்றையெல்லாம் கோத்துச் செய்வது மெய்ப்பயற்று. அதற்குப் பிறகுதான் கோல்தாரி: ஆளுயரக் கெட்டுகாரி, மூன்று சாண் சிறுவடி, யானைத் தந்தம் போல வளைந்த ஒற்றைக்கோல். அதற்கும் பிறகே இரும்பைத் தொடும் அங்கத்தாரி: கட்டாரி, வாளும் பரிசையும், ஈட்டி, கடைசியில் சுருள்வாளான உறுமி. வெறுங்கைச் சண்டை இதற்கெல்லாம் அப்பால். கராத்தே வகுப்புக்குப் போய்ப் பழகியவருக்கு இது தலைகீழாகத் தெரியலாம். வெறுங்கையோடு தொடங்கி ஆயுதத்துக்குப் போவதல்லவா முறை? களரி கேட்பது வேறு. ஆயுதம் ஏந்தியவனின் வேகத்தையும் தூரத்தையும் உடம்பால் அறியாதவன் வெறுங்கையோடு அவன் முன்னால் நின்று என்ன செய்வான்?

இந்த வரிசையில் யாரும் தாவ முடியாது. குருக்கள் அனுமதிக்கும்வரை காத்திருக்க வேண்டும். பயிற்சியை நடத்துவது அவர் வாய்விட்டுச் சொல்லும் வாய்த்தாரி. காலை எடு, வலம் திரும்பு, அமர், நிமிர் என்று ஒரு தாளத்தில் ஓடும் கட்டளைகள். மாணவன் எண்ணக்கூடாது, அடுத்தது என்ன என்று முந்தவும் கூடாது. சிறுவடிப் பயிற்சியைப் பார்த்தால் இதன் காரணம் புரியும். இரண்டு பேர் கையெட்டும் தூரத்தில் நின்று மூச்சுவிட நேரமில்லாமல் அடித்துத் தடுத்துக்கொண்டே போகிறார்கள். ஒருவன் தன் இஷ்டத்துக்கு ஒரு அடியை மாற்றினால் மற்றவன் மண்டை உடையும். அங்கே கீழ்ப்படிதல் என்பது எதிரில் நிற்பவனின் உயிருக்குக் கொடுக்கும் உத்தரவாதம்.

உலகெங்கும் இந்தக் கலைகள் இதே இடத்தில்தான் வந்து நிற்கின்றன. ஜிகோரோ கானோ 1882ல் டோக்கியோவில் ஒரு புத்த கோவிலில் பன்னிரண்டு பாய்களை விரித்து ஜூடோவுக்கான கொடோகனைத் தொடங்கினார். ஜூடோவில் கழுத்தை நெரிப்பதும் மூட்டை மடக்குவதும் பாடத்தில் உண்டு. அவற்றை நிஜமாகவே செய்து பழக முடிவதற்கு ஒரே காரணம், பிடிபட்டவன் இரண்டு முறை தட்டினால் பிடித்தவன் அந்தக் கணமே விட்டுவிட வேண்டும் என்ற விதி. அந்தத் தட்டலை மதிக்காதவனோடு யாரும் பயிற்சி செய்ய மாட்டார்கள். ஒகினாவாவிலிருந்து 1922ல் கராத்தேயை டோக்கியோவுக்குக் கொண்டுபோன கிச்சின் ஃபுனகோஷி தன் மாணவர்களுக்கு வகுத்த நெறிகளில் முதலிடம் கொடுத்தது குத்துக்கோ உதைக்கோ அல்ல, வணக்கத்துக்கு. டோஜோ வாசலில் செருப்புகளை நேராக அடுக்கி வைப்பதிலிருந்து எதிராளிக்குத் தலைகுனிவதுவரை எல்லாம் ஒரே செய்தி: இந்த இடத்தில் நான் உன்னை அடிக்கப்போகிறேன், ஆனால் காயப்படுத்த மாட்டேன்.

களரியில் இந்தச் செய்தி உச்சத்துக்குப் போகும் இடம் மர்மம். தமிழில் வர்மம். சுசுருதர் உடம்பில் 107 மர்மங்களைக் கணக்கிட்டார். அகத்தியர் பெயரில் கன்னியாகுமரிப் பகுதியில் வழங்கும் தமிழ்ச் சுவடிகள் 108 என்கின்றன: படுவர்மம் 12, தொடுவர்மம் 96. தென்களரியின் பாடமொழி பெரும்பாலும் தமிழே என்பது மலையாளிகளே ஒப்புக்கொள்வது. இந்த அறிவு எல்லோருக்கும் கொடுக்கப்படுவதில்லை. பல வருஷம் கூடவே வைத்திருந்து, கோபம் எப்போது வருகிறது, தோற்றால் முகம் எப்படிப் போகிறது என்று பார்த்த பிறகே ஆசான் வாய்திறப்பார். அதிலும் ஒரு நிபந்தனை: அடியைக் கற்பதற்கு முன் அதை இளக்கும் முறையைக் கற்க வேண்டும். எலும்பு கூட்டுவதும், ஆடி மழையில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு காலால் மிதித்து உழிவதும் இதே ஆசானின் வேலைதான். உடைக்கத் தெரிந்த கைக்கே கட்டும் பொறுப்பும்.

நம்பிக்கை முறிந்தால் என்ன ஆகும் என்பதற்கு மலபார் ஒரு கதையை நூற்றாண்டுகளாகப் பாடிவந்தது. வடக்கன் பாட்டுகளில் வரும் ஆரோமல் சேகவருக்குத் துணையாகப் போன சந்து, வாளின் உறுதியைக் கெடுத்து அவரைக் கவிழ்த்த துரோகி. 'சதியன் சந்து' என்பது அங்கே வசையாகவே ஆகிவிட்டது. பாலக்காடு மாவட்டத்துக் கூடல்லூரில் பிறந்த எம்.டி. வாசுதேவன் நாயர் 1989ல் வெளிவந்த 'ஒரு வடக்கன் வீரகாதா' படத்துக்குத் திரைக்கதை எழுதியபோது இந்தச் சந்துவைக் கூண்டில் ஏற்றாமல் பேச வைத்தார். அவமானப்படுத்தப்பட்ட, ஒதுக்கப்பட்ட ஒரு மாணவனின் பக்கத்திலிருந்து கதையைப் பார்த்தார். ஒரே களரியில் ஒருவனுக்கு மட்டும் எல்லாம் கிடைத்து, இன்னொருவன் எப்போதும் வாசலிலேயே நின்றால், ஆசாரம் அவனை எவ்வளவு காலம் கட்டிப்போடும்? அந்தப் படம் ஓடியதற்கு வாள்சண்டை மட்டும் காரணமல்ல.

ஏனென்றால் வாசலில் நின்றவர்கள் பலர். அங்கம் என்ற பெயரில் இரண்டு பிரபுக்களின் வழக்குக்காக உயிரைப் பணயம் வைத்து மோதியவர்கள் சேகவர்கள். பாரதப்புழைக் கரையில் திருநாவாயாவில் பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை நடந்த மாமாங்கத்தில், சாமூதிரியைக் கொல்வதற்காக வள்ளுவநாட்டிலிருந்து போய் வெட்டுப்பட்டுச் செத்தவர்கள் சாவேர்கள். குருவுக்கும் அரசனுக்கும் கேள்வி கேட்காமல் கீழ்ப்படியப் பழக்கப்பட்ட உடம்புகள் அவை. இன்றைக்கு வீரம் என்று மேடையில் முழங்கப்படுவதில் எவ்வளவு வீரம், எவ்வளவு வேறு வழியின்மை என்று பிரித்துப் பார்க்க யாருக்கும் நேரமில்லை.

எல்லையில் இருக்கும் சித்தூர் இதில் வேறு மாதிரி. பாலக்காட்டுக்குக் கிழக்கே, தமிழ் பேசுவோர் கணிசமாக உள்ள ஊர். அங்குள்ள பகவதி கோவிலில் மாசி மாதத்தில் கொங்கன் படை என்று ஒரு திருவிழா. ஒரு காலத்தில் கொங்கு மன்னனின் படை கணவாய் வழியாக வந்ததாம். பகவதி உதவியால் சித்தூர்க்காரர்கள் அதை விரட்டினார்களாம். வெற்றியை இன்னமும் கொண்டாடுகிறார்கள். போர் இப்போது வேடம்; தோற்ற எதிரியும் திருவிழாவில் ஒரு பாத்திரம். கொங்கு நாட்டிலிருந்து இன்று கணவாய் வழியாக வருவது காய்கறி லாரிதான். பழைய பகையை வருஷத்துக்கு ஒருமுறை விதிமுறைப்படி ஆடித் தீர்த்துவிட்டு மறுநாள் சந்தையில் பேரம் பேச முடிகிறது என்றால், அதுவும் ஒரு களரி ஆசாரம்தான்.

தெற்கே இன்னொரு எல்லை. கம்பம், கூடலூர் தாண்டி மலையேறினால் குமுளி. தேக்கடிக்குப் புலியைப் பார்க்க வந்து, பெரும்பாலும் பார்க்காமல் திரும்பும் சுற்றுலாக்காரர்களுக்கு மாலை நேரத்தில் ஒரு ஆறுதல் உண்டு. டிக்கெட் வாங்கினால் களரி பார்க்கலாம். ஆட்டக்காரர்கள் கீழே குழியில். பார்வையாளர்கள் சுற்றிலும் மேலே உட்கார்ந்து. விளக்கேற்றி, பூத்தறையை வணங்கி, தரையைத் தொட்டுத்தான் தொடங்குகிறார்கள். அந்த வணக்கமே முதல் காட்சியாகிவிடுகிறது, செல்போன்கள் உயர்கின்றன. வாளும் கேடயமும் மோதித் தீப்பொறி பறக்கிறது, உறுமி சீறுகிறது, நெருப்பு வளையத்துக்குள் ஒருவர் பாய்கிறார். ஒரு மணி நேரத்தில் எல்லாம் முடிந்து எல்லோரும் ஏலக்காய் வாங்கப் போய்விடுகிறார்கள்.

இதைப் பார்த்து முகம் சுளிப்பது சுலபம். ஆனால் களரியின் சரித்திரம் அந்தச் சுளிப்புக்கு இடம் தருவதில்லை. 1805ல் பழசி ராஜா வீழ்ந்த பிறகு ஆங்கிலேயர் மலபாரில் ஆயுதங்களைக் களைந்தார்கள். பல களரிகள் பூஜை அறைகளாகச் சுருங்கின. மிஞ்சிய வித்தையைக் கோட்டக்கல் கணாரன் குருக்களிடமிருந்து கற்ற சி.வி. நாராயணன் நாயர், 1930களில் ஊர் ஊராகப் போய்ப் பொதுமக்கள் முன்னால் நிகழ்த்திக் காட்டினார். அந்தக் காட்சிகள்தான் அதைப் பிழைக்க வைத்தன. அதற்கும் முன்னால், 1901ல் தலச்சேரிக்குப் பக்கத்தில் சர்க்கஸ் பள்ளி தொடங்கிய கீலேரி குஞ்ஞிக்கண்ணனும் உடற்பயிற்சி ஆசிரியர்தான். கூடாரத்துக்குள் போன உடம்புகளும் உண்டு. குமுளியில் தினமும் ஆடும் இளைஞனுக்கு அது சம்பளம். சம்பளம் இருப்பதால்தான் காலையில் அவன் மெய்ப்பயற்றை விடாமல் செய்கிறான். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. தினம் ஒரே ஜோடியோடு ஒரே அடியை ஒரே நேரத்தில் தடுப்பவனுக்கு எதிர்பாராத அடியைத் தடுக்கும் கண் மங்கிவிடலாம். உடம்பே கண்ணாக வேண்டும் என்று களரியில் சொல்வார்கள். பார்வையாளரின் கண்ணுக்காக மட்டும் ஆடும் உடம்புக்கு அந்தக் கண் திறப்பது கஷ்டம்.

பெல்ட் விவகாரம் இதைவிடச் சிரிப்பு. களரியில் முதல் நாள் மாணவனும் அறுபது வயது குருக்களும் கட்டுவது கச்சைதான். யார் மூத்தவர் என்பது நிற்கும் விதத்தில் தெரியும். ஜூடோவில் கானோ தரவரிசையைக் கொண்டுவந்தது பயிற்சிக்கு ஒரு அளவுகோலாக. நம்மூர்க் கல்யாண மண்டபங்களில் அதுவே ஒரு வியாபாரம். மஞ்சள், ஆரஞ்சு, பச்சை, நீலம் என்று மூன்று மாதத்துக்கு ஒரு நிறம், நிறத்துக்கு ஒரு கட்டணம், கட்டணத்துக்கு ஒரு சான்றிதழ், சான்றிதழோடு ஒரு போட்டோ. ஓடு உடைக்கிற பையனின் படம் ஃப்ளெக்ஸில் வரும். ஓடு திருப்பி அடிக்காது என்பதை யாரும் அவனுக்குச் சொல்வதில்லை.

இதில் வேடிக்கை பார்க்க முடியாத ஒரு பக்கம் இருக்கிறது. தரையைத் தொடுவதும் காலைத் தொடுவதும் கேள்வி கேட்காமல் இருப்பதும் நல்ல குருவிடம் பாதுகாப்பு. கெட்டவனிடம் அதுவே பொறி. பயிற்சி உடம்போடு உடம்பு உரசுவது. உழிச்சல் என்றால் எண்ணெயும் தொடுதலும். குழந்தைகளுக்கு எதிரான பாலியல் குற்றங்களைத் தடுக்க 2012ல் வந்த போக்சோ சட்டத்தின் கீழ், தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் தற்காப்புக் கலைப் பயிற்சியாளர்கள் கைதாகியிருக்கிறார்கள். மகளுக்குத் தற்காப்பு வேண்டும் என்று அனுப்பிய பெற்றோருக்கு அதைவிடக் கொடுமை வேறு இல்லை. அங்கே அந்தக் குழந்தையின் வாயைக் கட்டியது எந்த வர்மமும் அல்ல, மரியாதை என்ற பெயரில் சொல்லிக்கொடுக்கப்பட்ட மௌனம்.

அதனால் ஆசாரங்களை மூட்டை கட்டிவிடலாமா? வடகரையின் மீனாட்சி அம்மா வேறு பதில் வைத்திருக்கிறார். ஏழு வயதில் களரியில் இறங்கியவர். கணவர் ராகவன் மாஸ்டர் 1949ல் தொடங்கிய கடத்தநாடன் களரிச் சங்கத்தில் சாதி பார்ப்பதில்லை, பையன் பெண் பார்ப்பதில்லை. கட்டணம் கிடையாது, குருதட்சிணை மட்டும். அவருக்கு 2017ல் பத்மஸ்ரீ கிடைத்தது. புடவையை வரிந்துகட்டிக்கொண்டு இளைஞர்களோடு வாள் வீசும் அந்தப் பாட்டியின் படத்தை நாடே பார்த்தது. அவர் களரியிலும் தரையைத் தொட்டுத்தான் நுழைகிறார்கள். வணக்கம் அப்படியே இருக்கிறது. வாசல் மட்டும் அகலமாகிவிட்டது. எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடம் தேவையில்லை. எதிரில் இருப்பவரின் உடம்பைக் காக்கும் விதி எதுவோ அது இருக்கட்டும். குருவின் பெருமையை மட்டும் காக்கும் விதி போகட்டும்.

அடுத்த சோதனை விளையாட்டு மைதானத்தில். கேலோ இந்தியா இளைஞர் போட்டிகளில், 2022 ஜூனில் ஹரியானாவில் நடந்த முறை களரிப்பயற்று இடம்பெற்றது. தமிழ்நாட்டில் 2024 ஜனவரியில் நடந்தபோது சிலம்பம் செயல்விளக்க விளையாட்டாகச் சேர்க்கப்பட்டது. பதக்கம் வந்தால் கல்லூரி இடம் வரும், வேலை வரும் என்ற நம்பிக்கையில் எல்லையோர ஏழைப் பிள்ளைகள் அதிகம் வருவார்கள், வரவேண்டும். நடுவர், புள்ளி, நேரக் கணக்கு என்று ஒரு புதிய ஆசாரம் உருவாகும். அதில் நல்லதும் உண்டு. வெளியார் பார்வை இருக்கும் இடத்தில் குருவின் இருட்டறை சின்னதாகும். புள்ளிக்கு அடங்காத விஷயங்கள் மட்டும் மெல்ல நழுவும். இளக்குமுறை தெரிந்த மாணவனுக்கு எந்த நடுவரும் புள்ளி போடப்போவதில்லை.

வாசலில் நிற்கும் தகப்பனாரிடம் திரும்பலாம். எத்தனை மாதத்தில் சண்டை போடுவான் என்ற கேள்விக்கு நல்ல குருக்கள் பெரும்பாலும் சிரிப்பார். அதற்குப் பதிலாக அவர் கேட்டிருக்க வேண்டியவை வேறு. இங்கே கதவு திறந்திருக்குமா? நான் வந்து உட்கார்ந்து பார்க்கலாமா? என் பிள்ளை வலிக்கிறது என்றால் நிறுத்துவீர்களா? பெண் பிள்ளைக்கு உழிச்சல் செய்யப் பெண் இருக்கிறாரா? இவற்றுக்கு முகம் கோணாமல் பதில் சொல்கிறவரின் களரி எதுவானாலும், குழியோ மொட்டை மாடியோ கல்யாண மண்டபமோ, பிள்ளையை வலது காலை எடுத்து வைக்கச் சொல்லலாம். கோணுகிறவர் சுவரில் எத்தனை கறுப்பு பெல்ட் மாட்டியிருந்தாலும், எந்தக் கால் என்று பார்க்காமல் திரும்பி நடக்கலாம்.